புதிய ஆலை வருமுன் பழைய புகை குறைய வேண்டும்

தொழிற்சாலை வந்தால் வேலை வரும். உடன் புகையும் வரும். ஏற்கெனவே காற்று கெட்டுப்போன ஊரில் மேலும் ஓர் ஆலைக்கு இடமளிக்கலாமா? இவ்வினாவுக்கு அமெரிக்க நாடு கண்ட விடையைத் தொழிலாளர் அறிந்திருத்தல் நலம்.

அந்நாட்டின் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் மலைகள். மேலே வெப்பக் காற்று மூடிபோல் படிவதால் வாகனங்களும் ஆலைகளும் கக்கும் வாயுக்கள் தேங்கி, வெயிலில் ஓசோனாக மாறி நுரையீரலை வருத்துகின்றன. 1943ஆம் ஆண்டிலேயே அங்குக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் மக்களைக் கலங்கச் செய்தது.

1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தின்படி காற்றுக்குத் தர அளவுகள் வகுக்கப்பட்டன. அவற்றை எட்டாத வட்டாரங்களில் புதிய ஆலைகளுக்கு வழி அடைபடும் நிலை தோன்றியது. எனவே 1976இல் ஈடுசெய்யும் முறை வகுக்கப்பட்டு, 1977இல் சட்டத்திலும் இடம்பெற்றது.

பழைய கடனை அடைத்த பின்னரே புதுக் கடன் என்பது போன்றது இம்முறை. பெரிய ஆலை கட்ட விரும்புவோர் முதலில் மிகச் சிறந்த புகைத்தடுப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும். அதன் பின்னும் வெளியேறும் வாயுவுக்கு ஈடாக, பொதுவாக அதே வட்டாரத்திலுள்ள வேறோர் ஆலையின் வாயு குறைக்கப்பட வேண்டும். 1990ஆம் ஆண்டுத் திருத்தம், ஓசோன் மிகுந்த இடங்களில் ஈட்டின் அளவைக் கேட்டின் கடுமைக்கேற்ப உயர்த்தியது. புதிய ஆலை 100 டன் வெளியிட்டால், 110 முதல் 150 டன் வரை வேறிடத்தில் குறைய வேண்டும். ஆகவே, ஆலை பெருகினும் மொத்த மாசு குறையும்.

ஆயினும் ஏட்டளவில் காட்டும் குறைப்பு ஈடாகாது. அது மெய்யானதாகவும் நிலையானதாகவும் அளந்தறியத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். சட்டப்படி எப்படியும் செய்தே தீர வேண்டிய குறைப்பை ஈடாகக் காட்டுதல் கூடாது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. எங்கோ ஓர் ஆலையில் புகை குறைவதால், புதிய புகைபோக்கியின் அடியில் வாழும் குடும்பத்தின் மூச்சு தெளிந்துவிடாது. வட்டாரக் கணக்கு சரியாயினும் அக்குடும்பத்தின் கணக்கு சரியாகாது. ஆதலின் ஒவ்வொரு புகைபோக்கிக்கும் தனி வரம்பு இன்றியமையாதது. நம் மலேசியாவில் 2014ஆம் ஆண்டின் தூய காற்று விதிமுறைகள் அத்தகைய வரம்புகளை விதிக்கின்றன.

தோட்டத்தருகே ஆலை எழுமாயின் நாம் கேட்க வேண்டியவை இரண்டு: எவ்வளவு புகை வெளிவரும்? அதனை அளப்பவர் யார்? இவற்றைக் கேட்பது வேலையை வெறுப்பதாகாது. வேலையோடு நலத்தையும் காப்பதாகும்.