கொரோனா வார்டில் எகிறிய எஸ்.ஜி.பி.டி.: கல்லீரலுக்கு என்ன ஆச்சு?

கடலூர்:

2020-ம் ஆண்டு மே மாதத்தை கடலூர் மாவட்ட மக்கள் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்கள். சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய தொழிலாளர்கள் லாரியிலும் வேனிலும் ஊர் திரும்ப, மாவட்டத்தில் ஒரே நாளில் 100-க்கும் மேற்பட்டோருக்கு கொரோனா உறுதியானது. கடலூர் அரசு தலைமை ஆஸ்பத்திரி, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஆகியவற்றில் அவர்கள் சேர்க்கப்பட்டனர். (சிதம்பரம் ஆஸ்பத்திரி 2021-ல் அரசு சுகாதாரத் துறையின் கீழ் வந்துவிட்டது.)

அப்போது எல்லோருக்கும் நுரையீரல் பற்றித்தான் கவலை. ஆனால் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தவர்களில் பலர், கையில் இருந்த ரிப்போர்ட்டைப் பார்த்து வேறு ஒரு பயம் பயந்தார்கள். "எஸ்.ஜி.பி.டி. 40-க்குள்ள இருக்கணுமாம், எனக்கு 110 போட்டிருக்கே, லிவர் போச்சா?" என்பதுதான் அது.

5-ல் ஒருவருக்கு

கறிக்கடையில் ஈரல் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் கல்லீரல். மனிதனுக்கு வலது விலா எலும்புக்குக் கீழே இருக்கிறது. சாப்பிடும் சாப்பாடு, மாத்திரை, சாராயம் எல்லாம் இங்கு வந்துதான் சுத்தமாக வேண்டும். கல்லீரல் செல்கள் அடிபட்டால், உள்ளே இருக்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற என்சைம்கள் ரத்தத்தில் கசியும். அந்த அளவைத்தான் ரிப்போர்ட்டில் போடுகிறார்கள்.

2020-ம் ஆண்டு தொடக்கத்தில் சீனாவில் கொரோனா நோயாளிகளைப் பரிசோதித்தபோதே, சுமார் 5-ல் ஒருவருக்கு இந்த எண் கூடியிருந்தது தெரிந்தது. பின்னர் மற்ற நாடுகளிலும் இதையே பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு இது லேசான ஏற்றம்தான். கொரோனா குணமானதும் சில வாரங்களில் தானாக இறங்கிவிட்டது. ஆகவே 110-ஐப் பார்த்து லிவர் போச்சு என்று ஒப்பாரி வைக்கத் தேவையில்லை. இன்னொரு விஷயம், எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் இருக்கிறது. உடம்பு முறுக்கிப் போட்ட காய்ச்சலிலும் அது ஏறும்.

ஏன் ஏறுகிறது?

காரணம் ஒன்று அல்ல. மூச்சுத் திணறலில் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போது கல்லீரலும் தவிக்கிறது. கிருமியை எதிர்க்கும் போரில் உடம்பு முழுக்க ஏற்படும் அழற்சி கல்லீரலையும் தாக்குகிறது. கடைசியாக மருந்து.

2021 மே மாதம் ரெம்டெசிவிர் ஊசிக்காக சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் விடிய விடிய க்யூ நின்றது நினைவிருக்கலாம். பல ஊர்களில் பிளாக்கிலும் விற்றார்கள். அப்படி அலைந்து வாங்கிய ஊசியைக்கூட லிவர் டெஸ்ட் பார்க்காமல் போடக்கூடாது. என்சைம் அளவு 5 மடங்குக்கு மேல் இருந்தால் கூடாது என்றுதான் மத்திய அரசின் சிகிச்சை வழிகாட்டுதல் சொன்னது.

பாராசிட்டமால் நல்ல மருந்துதான். ஆனால் ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8, இதற்கு மேல் போனால் கல்லீரலுக்கே விஷம். குடிப்பவர்களுக்கு அந்த 8-ம் அதிகம். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

நாட்டு மருந்து என்றால் பக்கவிளைவே இல்லை என்ற நம்பிக்கையும் சரியல்ல. எதிர்ப்பு சக்திக்காக சீந்தில் கொடி சாப்பிட்ட சிலருக்கு கல்லீரல் பாதிக்கப்பட்டதாக 2021-ல் மும்பை டாக்டர்கள் மருத்துவ இதழில் எழுதினார்கள். மத்திய ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது. கண்ட கண்ட பொடியை அளவில்லாமல் தின்பதை எந்தத் தரப்பும் ஆதரிக்கவில்லை.

யாருக்கு ஆபத்து?

உண்மையான ஆபத்து, ஏற்கனவே கல்லீரல் கெட்டுப் போனவர்களுக்குத்தான். 29 நாடுகளில் கல்லீரல் நோயுடன் கொரோனாவும் வந்த 745 பேரின் விவரங்களைத் தொகுத்தார்கள். கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்) இல்லாதவர்களில் 8 சதவீதம் பேர் இறந்தனர். சுருக்கம் உள்ளவர்களில் 32 சதவீதம். சுருக்கம் முற்றிய நிலையில் இருந்தவர்களில் பாதிப் பேர் பிழைக்கவில்லை.

டாஸ்மாக் ஒரு பக்கம், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் புதுச்சேரி ஒரு பக்கம் என இருக்கும் கடலூருக்கு இந்தக் கணக்கு முக்கியம். ஆஸ்பத்திரியில் "குடிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டால், பக்கத்தில் பெண்டாட்டி நிற்கிறாளே என்று இல்லை என்பவர்கள் உண்டு. டாக்டர் அதை நம்பித்தான் மாத்திரை எழுதுவார். கேஸ் கொடுக்க அவர் கேட்கவில்லை.

மஞ்சள் காமாலை பி கிருமி (ஹெபடைட்டிஸ் பி) உடம்பில் இருப்பதே தெரியாதவர்கள் இன்னொரு ரகம். கொரோனா முற்றியவர்களுக்குப் போட்ட ஸ்டீராய்டு போன்ற மருந்துகள், தூங்கிக் கிடக்கும் இந்தக் கிருமியை எழுப்பிவிடக் கூடும். இது ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். 2018-ல் தொடங்கிய தேசிய திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

பழைய டிஸ்சார்ஜ் ஃபைலில் எண் கூடியிருந்து, அதற்குப் பிறகு டெஸ்ட்டே எடுக்காதவர்கள் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. இன்றும் ஏறியே இருந்தால் அதற்கு கொரோனாவைக் குறை சொல்ல முடியாது. குடியோ, கொழுப்போ, பி கிருமியோ உள்ளே இருக்கலாம். கண் மஞ்சளாவது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது, வயிறு ஊதுவது, கால் வீங்குவது, பேச்சு குழறுவது, இதில் எது இருந்தாலும் கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகும்போது சாப்பிட்டு வரும் எல்லா மாத்திரை அட்டைகளையும், பொடிப் பொட்டலம் இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.