பசியும் பருமனும் ஒரே வீட்டில்

இரண்டாம் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது, ஊட்டச்சத்துக் குறைவால் அமெரிக்க இளைஞர்கள் பலர் உடற்தகுதித் தேர்விலேயே கழிக்கப்பட்டார்கள். அந்த அதிர்ச்சியின் பின்னணியில்தான் 1946-இல் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். விளைச்சல் மிஞ்சித் தவித்த விவசாயிகளுக்கும் அதில் ஒரு சந்தை கிடைத்தது.

2010-இல் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் மறுபடி அபாயச் சங்கு ஊதினார்கள். இம்முறை புகார் நேர் எதிரானது: ராணுவத்தில் சேர முடியாத அளவுக்கு இளைஞர்கள் பருத்துவிட்டார்கள். இன்று அந்நாட்டுச் சிறுவர் சிறுமியரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு உடல் பருமன். பசித்த குழந்தைகளும் குறைந்தபாடில்லை.

இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்? கையில் காசு குறைந்த வீட்டில் காயும் பழமும்தான் முதலில் வெட்டுப்படும். மலிவாக வயிற்றை நிரப்புபவை சர்க்கரை பானமும் சிப்ஸும் பொரித்த தின்பண்டங்களும். மாதக் கடைசியில் பட்டினி கிடக்கிற பிள்ளைக்கே எடையும் ஏறுகிறது.

அதே 2010 டிசம்பரில் பள்ளி உணவைச் சீர்செய்ய அதிபர் ஒபாமா புதிய சட்டம் கொண்டுவந்தார். அவர் மனைவி மிஷெல் அதற்காக ஊர் ஊராகப் பேசினார். 2012-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் பழம், காய்கறி, முழுத்தானியத்தைக் கட்டாயமாக்கின. மதிய உணவுக்குக் கலோரி உச்சவரம்பும் வந்தது: தொடக்கப் பள்ளிக்கு 650, உயர்நிலைப் பள்ளிக்கு 850. வயிறு நிறையவில்லை என்று கான்சஸ் மாணவர்கள் கேலிப் பாட்டு வீடியோவே எடுத்தார்கள். சில மாதங்களில் தானியம், இறைச்சிக்கான வார வரம்புகளை அரசு தளர்த்தியது.

வியாபாரமும் சும்மா இருக்கவில்லை. பீட்சாவில் தடவும் இரண்டு மேசைக்கரண்டி தக்காளி விழுதை அரைக் கப் காய்கறியாகக் கணக்கிடும் பழைய வழக்கத்தை அரசு மாற்ற முயன்றபோது, உணவு நிறுவனங்களின் நெருக்குதலில் 2011-இல் நாடாளுமன்றமே குறுக்கே நின்றது. சத்தான சாப்பாட்டுக்காக அரசு கூட்டிக் கொடுத்த தொகையோ, தட்டுக்கு வெறும் 6 சென்ட்.

இத்தனை இழுபறிக்கும் பலன் இருந்தது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தபோது பருமனில் பெரிய மாற்றம் காணவில்லை. வறுமையில் உள்ள பிள்ளைகளைத் தனியே பார்த்தபோது, ஆண்டுக்கு ஆண்டு அந்த அபாயம் இறங்கியிருந்தது. பள்ளிச் சாப்பாட்டை அதிகம் நம்பியிருப்பவர்களும் அவர்கள்தானே!

ஆனால் விதி எவ்வளவு நல்லதானாலும், தட்டு கைக்கு வந்தால்தான் பயன். சாப்பாட்டுக் காசு பாக்கி வைத்த பிள்ளையின் சூடான சாப்பாட்டைப் பிடுங்கிக்கொண்டு ஆறிப்போன சாண்ட்விச் கொடுத்த பள்ளிகள் உண்டு. இத்தகைய அவமதிப்பை நியூ மெக்ஸிகோ மாநிலம் 2017-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. கொரோனா காலத்தில் நாடு முழுக்க எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்த உணவு 2022-இல் நின்றது. கலிபோர்னியா, மெய்ன் போன்ற சில மாநிலங்கள் மட்டும் சொந்தச் செலவில் தொடர்கின்றன.

2025-இல் பள்ளிகளில் தரும் காலை உணவுத் தானியம், தயிர், சுவையூட்டிய பாலில் சேர்க்கும் சர்க்கரைக்கு வரம்பு வந்தது. அதே ஆண்டு ஜூலையில், ஏழைக் குடும்பங்களுக்கான உணவு உதவியை வெட்டும் சட்டமும் வந்தது. அந்த உதவி பெறும் வீட்டுப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் இல்லாமலே பள்ளியில் இலவசச் சாப்பாடு உண்டு. உதவி நின்றால் அந்த வழியும் அடைபடும். சர்க்கரையை அளக்கும் அரசு, சாப்பிட வருகிறவர்களின் வரிசையைச் சுருக்கினால் பசியும் தீராது, பருமனும் குறையாது.