அணைத்த தீச்சுவர்

அச்சுப்பொறி கணினியோடு பேச மறுக்கின்றது என்று மாளிகாவத்தையில் எனது அயலவரான கடைக்காரர் முறையிட்டபோது, பழுதுபார்க்க வந்த இளைஞன், "நானா, பயர்வோல ஓஃப் பண்ணினாச் சரி" என்று ஒரே வார்த்தையில் வைத்தியத்தை முடித்து, அணைத்ததை மீண்டும் இயக்கிவைக்கும் நினைவின்றியே விடைபெற்றுச் சென்றான்.

பயர்வோல், அதாவது தீச்சுவர், என்னும் பெயர், ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குப் பரவாதபடி எழுப்பும் சுவரிலிருந்து வந்தது. ஆயினும் அது செய்வது வாயிற்காவலனின் தொழில் என்பதே என் அபிப்பிராயம். இங்குள்ள தொடர்மாடிகளில் வீடு தேடுபவனுக்குக் கட்டடத்தின் பெயரோடு கதவிலக்கமும் வேண்டியிருப்பதுபோல, இணையத்தில் வரும் செய்திப் பொதிக்கும் முகவரியோடு கதவிலக்கம் உண்டு. 'போர்ட்' எனப்படும் அக்கதவுகள் 65,535. விண்டோஸோடு கூடவே வரும் காவலன், உள்ளிருந்து நாம் யாரை அழைத்தோம் என்பதை ஞாபகத்தில் வைத்து, அதற்கு மறுமொழியாக வருவதைப் பிரவேசிக்க விடுகின்றான். அழையாத விருந்தாளிக்கு, விசேஷ அநுமதி இல்லாவிடில், இல்லையென்ற பதில்கூடச் சொல்வதில்லை.

2001ஆம் ஆண்டின் எக்ஸ்பி பதிப்பிலேயே இவன் பிறந்துவிட்டான், ஆனால் உறங்கவிடப்பட்டிருந்தான். 2003 ஓகஸ்டில் 'பிளாஸ்டர்' என்னும் புழு, எவரும் ஒரு கோப்பையும் திறவாதிருக்கவே, 135ஆம் கதவால் நுழைந்து இலட்சக்கணக்கான கணினிகளை நிலைகுலைத்த பின்னரே, மறு ஆண்டு ஓகஸ்டில் வந்த இரண்டாம் திருத்தத் தொகுதி அவனை எழுப்பிவிட்டது.

இடமறிந்து நடக்கும் விவேகமும் அவனுக்கு உண்டு. வலையமைப்பு தனிப்பட்டது என்று நாம் சொன்னால், அச்சுப்பொறியோடும் வீட்டுக் கணினிகளோடும் உறவாட இடங்கொடுப்பான்; பொது என்று சொன்னால், பிரேமதாச மைதானத்துக் கூட்டத்தில் பணப்பையைப் பற்றிக்கொண்டு நிற்பவனைப்போல ஒடுங்கிவிடுவான். அணைத்த காவலனை மீண்டும் எழுப்பி, கடைக்காரரின் வலையமைப்பைத் தனிப்பட்டதாக மாற்றியதும், காவலன் விழித்திருக்கவே அச்சுப்பொறி பேசிற்று.

அவனால் ஆகாததும் உண்டு. வெளியே செல்வதை அவன் சாதாரணமாகத் தடுப்பதில்லை. அநுமதித்த கதவால் வருவோரின் உள்ளத்தையும் ஆராய்வதில்லை. 2023இல் இலங்கை அரசாங்கத்தின் முகிற்கணினிச் சேவை கப்பம் கோரும் நச்சுநிரலுக்கு இலக்காகி, ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தபோது, வெளிப்பட்டவை காலங்கடந்த மென்பொருளும் அக்காலத்துக்குப் பிரதி எடுத்து வையாமையுமே. கடிதம் வரவேண்டிய கதவை எந்தக் காவலனும் அடைத்துவைக்க முடியாதல்லவா?

புதிய மென்பொருள் ஒன்று கதவு திறக்கக் கேட்கும்போது, காவலன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கின்றான். நாமோ வாசியாமலே 'அநுமதி' என்று அழுத்திவிடுகின்றோம். அநுமதி பெற்றவற்றின் பட்டியலை இன்றே ஒருமுறை திறந்து, இன்னதென்று அறியாத பெயரைத் தெரிந்தவரிடம் விசாரித்து நீக்கிவிடுங்கள். கடைக்காரர் தாமாகவே அநுமதித்திருந்தவை பதினொன்று. அவருக்கு இன்னதென்று தெரிந்திருந்தவை நான்கு.