பாஸ் புல்லாங்குழல் வாசித்தால்...

உங்கள் மேனேஜருக்குப் பாட்டு வருமா? வரும் என்றால் உங்கள் கஷ்டம் எனக்குப் புரியும்.

நான் அக்கவுன்ட்ஸில் குப்பை கொட்டிய கம்பெனியில் ஆண்டு விழா தவறாமல் மேனேஜர் பாடுவார். மேஜையில் தாளம் தட்ட வேண்டியது அடியேன். தாளம் ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். 'பிரமாதம் சார்!' என்பேன். இன்க்ரிமென்ட் லிஸ்ட்டில் மட்டும் என் பெயர் கடைசி. ஒன்பது வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலையை விட்டேன். கூடவே பாட்டு கேட்பதையும் விட்டேன். ரேடியோவில் தாளச் சத்தம் வந்தாலே எரிச்சல்!

அப்போதுதான் ஒரு நண்பன், "உன்னைவிடப் பாவப்பட்ட ஆசாமி ஒருத்தர் இருந்தாருடா" என்று கார்ல் பிலிப் இமானுவேல் பாக் கதையைச் சொன்னான். இசை மேதை யோஹான் செபாஸ்டியன் பாக்கின் மகன். இவருடைய பாஸ் சாதாரண ஆளில்லை. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்! யுத்தத்தில் புலி. சாயந்திரமானால் கையில் புல்லாங்குழல்.

1740-ல் ஃபிரெடரிக் பட்டமேறியதும் வாசித்த முதல் கச்சேரிக்கு, பியானோவின் அண்ணனான ஹார்ப்சிகார்டில் துணைக்கு உட்கார்ந்தவர் பாக். உட்கார்ந்தவர் எழுந்திருக்க ஏறத்தாழ 28 வருஷமாயிற்று! மன்னருக்குப் பிடித்ததெல்லாம் தன் குரு குவான்ட்ஸ் எழுதியதும், தானே எழுதியதும்தான். பாக் எழுதியதை யார் சீண்டினார்கள்?

சம்பளத்தைக் கேளுங்கள். ஆரம்பத்தில் பாக்குக்கு வருஷம் 300 தாலர். குவான்ட்ஸுக்கு 2,000! தவிர, செய்து தரும் ஒவ்வொரு குழலுக்கும் 100 டுகாட் தனி. நான் பி.காம். ஆயிற்றே, உடனே கணக்குப் போட்டேன். ஆறரை மடங்குக்கும் மேல்!

மன்னர் வாசிப்பைக் கேட்ட ஒருவர், "ஆஹா, என்ன தாளம்!" என்று உருக, "எத்தனை தாளம்!" என்று பாக் முணுமுணுத்ததாக ஒரு கதை உண்டு. நம்ம கட்சி!

1767-ல் ஹாம்பர்கில் அவருடைய ஞானத்தந்தை டெலிமன் இறந்தார். அந்த வேலை பாக்குக்குக் கிடைத்தது. மன்னர் மனசில்லாமல்தான் விட்டார். 1768-ல் விடுதலை.

இனி புல்லாங்குழலைக் கண்டாலே ஓடியிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 1786-ல், 72 வயசில், அவர் எழுதியது புல்லாங்குழலுக்கு ஒரு சொனாட்டா! ஜி மேஜர். 'ஹாம்பர்க் சொனாட்டா' என்று பெயர். இரண்டே பகுதி. முதலாவது நிதானமாகச் சிரித்துப் பேசும். இரண்டாவது, ஸ்கூல் விட்ட பையன் மாதிரி ஒரே ஓட்டம். அதே வருஷம் ஆகஸ்டில் மன்னர் காலமானார். பல் விழுந்ததால் அவர் குழலை முன்பே கீழே வைத்திருந்தார்.

நண்பன் அதைப் போட்டுக் காட்டினான். துளி கசப்பு இல்லை, ஐயா! பாஸ் மேல் இருந்த கோபத்தைப் பாக் குழல் மேல் காட்டவில்லை. எனக்குச் சுருக்கென்றது. பாட்டு எனக்கு என்ன துரோகம் செய்தது?

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் பாட, மேஜையில் தாளம் தட்டினேன். நடுவில் தடம் மாறினான்.

"தம்பி, தாளம் தப்பு!" என்றேன்.

அடடா... என்ன சுகம்!