தொகுத்தோரும் தொகுப்பித்தோரும்: இலங்கை வானொலி வர்த்தக ஒலிபரப்பின் பாட்டுத் தொகுப்பு

தொகை நூல்களைப் பயில்வோர் பாடினோர் பெயரோடு தொகுத்தோர், தொகுப்பித்தோர் பெயர்களையும் அறிந்துகொள்வது நம் மரபு. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. நற்றிணையைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி என அறிகின்றோம். தொகுத்தவர் பெயரோ கிடைத்திலது. குறிப்பு ஒன்று இன்மையால் ஒரு புலவரின் உழைப்பு பெயரற்றுப் போயிற்று. இத்தகைய இழப்பு நம் காலத்தும் நிகழ்கின்றது என்பதை வானொலியின் பாட்டுத் தொகுப்பினைக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உத்தமபாளையத்தில் அகவை முதிர்ந்தோர் சிலரோடு யாம் உரையாடினோம். இளமையில் எவ்வானொலியில் பாட்டுக் கேட்டனர் என வினவியபோது, ‘சிலோன் ரேடியோ’ என்ற விடையே முதற்கண் வந்தது. அறிவிப்பாளர்தம் பெயர்களைத் தயக்கமின்றிக் கூறினர். அப்பாடல்களைத் தேர்ந்து வரிசைப்படுத்தியவர் யாவர் என்ற வினாவிற்கு, ‘பாட்டுப் போடுறவங்கதான்’ என்றார் ஒரு பெரியவர். இளையராசா பிறந்த பண்ணைப்புரம் இவ்வட்டத்திலேயே உள்ளது. பாட்டைப் படைத்தோர் பெயரை நன்கு போற்றும் இந்நிலத்திலும், தொகுத்தோர் பெயர் நிலைக்கவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் செவி கடல் கடந்து கொழும்பை நாடியது ஏன்? காரணம் இரண்டு. ஒன்று, கருவியின் ஆற்றல். இரண்டாம் உலகப்போரின்போது நேசநாட்டுப் படையினர்க்கென இலங்கையில் நிறுவப்பெற்ற ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கை வானொலியைச் சேர்ந்தது. மற்றொன்று, இந்திய வானொலியின் கொள்கை. 1952-இல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர் செவ்விசைக்கு முதலிடம் தந்து, திரைப்பாட்டைப் பெரிதும் குறைத்தார். 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தொடங்கும்வரை, திரைப்பாட்டை விரும்பினோர்க்குக் கொழும்பே புகலிடமாயிற்று.

இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950-இல் தொடங்கிற்று. கொழும்புத் திட்டத்தின்கீழ் ஆசுதிரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டாட் என்பார் அதன் இயக்குநராகப் பணியாற்றினார். குரல்வளமும் திறமும் உடைய இளைஞரைத் தேர்ந்து பயிற்றிய பெருமை அவர்க்கு உண்டு. அவரோடு பணியாற்றிய லிவி விஜேமன்ன பின்னர் அப்பகுதியின் இயக்குநரானார். தமிழ்ப் பகுதியின் முதல் அறிவிப்பாளராக விளங்கிய எஸ். பி. மயில்வாகனன் தமிழகத்து வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் அறியப்பட்ட பெயரானார். ஆயின், இயக்குநர்தம் பெயரை நேயருள் அறிந்தோர் மிகச் சிலரே. குரல் நினைவில் நின்றது. அக்குரலுக்கு இடம் வகுத்த அமைப்பு மறைந்தது.

அவ்வமைப்பின் இயல்பு யாது? வர்த்தக ஒலிபரப்பில் நேரமே விலைப்பொருள். விளம்பரதாரர் நேரத்தை வாங்குவர்; அந்நேரத்தைக் கேட்டற்கினியதாக ஆக்குதல் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கடன். எப்பொழுதில் எவர் கேட்பர், எப்பாட்டிற்குப்பின் எப்பாட்டு நிற்கும், விளம்பரம் எவ்விடத்தில் வந்தால் செவி விலகாது என்பனவற்றை அவர் எண்ணுதல் வேண்டும். குறுந்தொகை 4 முதல் 8 அடி, அகநானூறு 13 முதல் 31 அடி என அளவு வகுத்ததுபோல, இங்கும் ஓர் அளவு உண்டு. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 அல்லது 4 நிமிடம் ஓடும். அதுவே நிகழ்ச்சியின் அடியளவு.

வணிகர் பொருளால் நடந்ததனை வேந்தர் தொகுப்பித்த நூலோடு ஒப்பிடலாமோ எனச் சிலர் வினவலாம். வேறுபாடு உண்டு, அதனை யாம் மறைத்தல் வேண்டா. கொழும்பிலிருந்து 1952 முதல் ஒலித்த, அமீன் சயானி வழங்கிய பினாக்கா கீத்மாலா என்னும் இந்தி நிகழ்ச்சி, இசைத்தட்டு விற்பனையையும் நேயர் விருப்பத்தையும் கொண்டு பாடல்களை வரிசைப்படுத்திற்று. அம்முறையில் பலர் வேண்டாத பாட்டு பின்தள்ளப்படும். குறுந்தொகை தொகுத்தவரோ, இயற்பெயர் அறியப்படாத புலவர்க்கும் அவர்தம் பாட்டின் தொடராலேயே செம்புலப்பெயல்நீரார், அணிலாடுமுன்றிலார் எனப் பெயர் வழங்க இடந்தந்து அவர்தம் பாடல்களைக் காத்தார். எனினும், அரசு வானொலி விலக்கிய பாடல்களை மக்கள் செவியில் நிலைக்கச் செய்தது அவ்வர்த்தக ஒலிபரப்பே என்பதும் உண்மை. தொகுப்பித்தோன் பொருள் தொகுப்பு உண்டானமைக்குக் காரணமாகும். தொகுப்பின் தரம் தொகுத்தோன் தேர்வினைப் பொறுத்ததே.

இன்னுமொரு வேறுபாடே நம்மைக் கவலுறச் செய்வது. ஏட்டில் அமைந்த தொகை, தொகுத்தவர் பெயர் மறைந்தும் தான் நின்றது. காற்றில் அமைந்த தொகையோ ஒலித்த பொழுதே மறைந்தது. அன்றாட நிகழ்ச்சிக் குறிப்பேடும் கேட்டோர் நினைவுமே அதற்குச் சான்று. குறிப்பேடு அழியும்; கேட்டோரும் குறைந்து வருகின்றனர்.

ஆதலின், முதுகலை மாணவர் தத்தம் ஊரில் முதியோரை நாடி, எந்நேரத்தில் எந்நிகழ்ச்சி கேட்டனர், எவ்வரிசை அவர் நினைவில் உள்ளது என்பனவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். பணியாற்றி ஓய்வுபெற்றோரையும் வினவுதல் வேண்டும். நற்றிணை தொகுத்தவர் பெயரை இனி யாம் மீட்டல் அரிது. ‘பாட்டுப் போடுறவங்க’ பெயரையேனும் மீட்டற்குக் காலம் இன்னும் சிறிது உள்ளது.