ஆலிங்கனமும் ஔஷதமும்

சித்தூர், நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் மனம் நொந்து வந்தவரை மடியில் சாய்த்து முதுகைத் தடவிக் கொடுக்கும் பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். அத்தகைய அரவணைப்பால் மனக்கிலேசம் தணியுமா என்று கேட்டால், ஓரளவு தணியும் என்றே ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. அமெரிக்காவில் 404 பேரை 14 இரவுகள் தொடர்ந்து விசாரித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பிறரோடு பிணக்கு நேர்ந்த தினத்தில் எவராலேனும் தழுவப்பெற்றோரின் மனம், அந்தப் பேறு வாய்க்காத நாளைவிடக் குறைவாகவே வாடிற்று. ஆயினும் 2022-இல் ஜெர்மனியில் 76 பேரைக் குளிர்ந்த நீரில் கையை அமிழ்த்தச் செய்து சோதித்தபோது, முன்னதாகத் துணைவரைத் தழுவிய பெண்களுக்கு மட்டுமே மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் மட்டுப்பட்டது. ஆண்களுக்கு அவ்வாறு நிகழவில்லை. நம் ஆண்மக்கள் தங்கள் கூச்சத்துக்கு இதையே சாஸ்திர ஆதாரமாகக் காட்டிவிடப் போகிறார்களே என்பதுதான் என் கவலை.

ஆனால் சம்மதமில்லாத தழுவல் ஆறுதலும் அன்று, அன்பும் அன்று. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் எண்ணத்தோடு பலவந்தமாகத் தழுவுவோருக்குப் பாரதிய நியாய சன்ஹிதையின் 74-ஆம் பிரிவு ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறைவாசம் விதிக்கிறது. காம நோக்கோடு குழந்தையைத் தொட்டவர், ஆடைக்கு மேலேதானே தொட்டேன் என்று போக்சோ சட்டத்திலிருந்து தப்ப முடியாதென உச்ச நீதிமன்றம் 2021 நவம்பர் 18-இல் தீர்ப்பளித்தது. குழந்தைகளுக்காக 1098, பெண்களுக்காக 181 என்ற எண்களில் முறையிடலாம்.

துக்கம் 2 வாரங்களுக்கு மேல் நீடித்து, நித்திரையும் பசியும் குன்றி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் தலைகாட்டுமாயின், அரவணைப்போடு நின்றுவிடாமல் வைத்தியரை நாடுவதே விவேகம். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறை பல்லாண்டுகளாக நடைபெறுகிறது; சுற்றத்தாரின் அன்பும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை. திருப்பதியில் ருயா அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அரசு மனநலச் சேவையைப் பெறுவது எவருக்கும் உரிமை. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அது இலவசம். மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதோ அடியோடு தடை செய்யப்பட்டுள்ளது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே அச்சட்டம் அனுமானிப்பதால், தண்டனைக்கு அஞ்சி விஷயத்தை மறைக்க வேண்டியதில்லை. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழும் தெலுங்கும் உட்பட 20 மொழிகளில் பேச வசதியுண்டு.