தை மாதத்து மழை

எட்டாம் வகுப்புத் தேர்வில், ‘மழையால் பயிருக்கு உண்டாகும் நன்மை ஒன்றை எழுதுக’ என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவி, ‘எந்த மாசத்து மழை என்று கேள்வியில் இல்லை. தை மாசம் பெய்தால் நெல் கதிரிலேயே முளைத்துவிடும்’ என்று எழுதியிருந்தாள். கேட்டதற்கு இது விடையன்று என்று மதிப்பெண் தராமல் விட்டுவிட்டேன். அவர்கள் வீட்டுச் சம்பா அந்த வாரம்தான் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது என்பது பிறகே தெரிந்தது. மதிப்பெண்ணைத் திருத்தினேன். பாடம் நடத்தும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது.

வானிலை என்பது ஓரிடத்தில் இன்றோ இந்த வாரமோ நிலவும் நிலை. காலநிலை என்பது குறைந்தது 30 ஆண்டுகளின் சராசரி. இந்த வரையறையை நம் மாணவர்கள் ஒப்பிப்பார்கள். ஆனால் உழவர் பட்டம் பார்ப்பது காலநிலையை நம்பி, நட்டம் அடைவது வானிலையால் என்பதை வரையறை மட்டும் சொல்லிவிடாது.

காவிரி டெல்டாவையே எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவமழை தஞ்சைப் பக்கம் குறைவு. ஆனால் குடகிலும் வயநாட்டிலும் அது நன்றாகப் பெய்தால் மேட்டூர் அணை நிரம்பும். அணை திறப்புக்கு வழக்கமான நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீரில் தொடங்கும் குறுவைக்கு 110 நாள் அளவில் விளையும் குறுகிய கால ரகங்களே ஏற்றவை. அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அறுத்தாக வேண்டுமே! திறப்பு ஒரு மாதம் தள்ளிப்போனால் அறுவடை நேரே மழைக்குள் போய் விழும். சம்பாவின் கணக்கு வேறு. அது மழையில் வளர்ந்து, மழை ஓய்ந்த தையில் முற்றும் நீண்ட காலப் பயிர்.

இந்தக் கணக்கை வானிலை குலைக்கும் இடங்கள் பல. நெற்பூ பெரும்பாலும் முற்பகலில் விரியும். அந்நேரம் அடைமழை பிடித்தால் மகரந்தச் சேர்க்கை கெட்டுப் பதர் மிகும். முற்றிய கதிர் சாய்ந்து நீரில் கிடந்தால் முளைவிடும். அறுத்த நெல்லும் தப்பாது. நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு பொதுவாக 17 சதவீதம். வெயில் இல்லாத வாரத்தில் அதற்குக் காயவைப்பது எப்படி? 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் டெல்டாவில் இதுதான் நடந்தது. 2016-இலோ நேர்மாறு: வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்து, சம்பா கருகியது.

இராமநாதபுரம் மானாவாரிப் பகுதியில் மழையளவைவிட இடைவெளிதான் ஆபத்து. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் நெல்லை விதைத்துவிடுவார்கள். முதல் மழையில் முளைத்த பயிருக்கு அடுத்த மழை இரண்டு மூன்று வாரம் தாமதித்தால் மறுவிதைப்புதான். பருவம் முடிந்து கூட்டிப் பார்த்தால் மொத்த மழை ‘இயல்பு’ என்றே பதிவாகியிருக்கலாம்! வரைபடத்தில் சராசரி மழையை மட்டும் காட்டிவிட்டு நகர்வது போதாது என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

வகுப்பில் இப்போது நான் செய்வது இது. ஒரு சார்ட்டில் பன்னிரண்டு தமிழ் மாதங்களுக்கும் கட்டமிட்டு, விதைப்பு, நடவு, பூக்கும் காலம், அறுவடை ஆகியவற்றை வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டுவந்து பச்சை மையில் குறிக்கச் சொல்கிறேன். நடப்பு ஆண்டில் உண்மையில் மழை பெய்த நாள்களைச் சிவப்பு மையில் குறிக்க வேண்டும். பச்சை காலநிலை, சிவப்பு வானிலை. ஆறாம் வகுப்புக்கு இதுவே போதும். ஒன்பது, பத்தாம் வகுப்பில் மேட்டூர் நீர்மட்டத்தையும் சேர்க்கலாம். நகரப் பள்ளியானால் தக்காளி விலையை வாரந்தோறும் எழுதிவரச் செய்யலாம். விலை ஏறிய வாரத்தில், தக்காளி வரும் ஊரில் மழையா வெயிலா என்று பிள்ளைகளே தேடத் தொடங்குவார்கள்.

தேர்வுக் கேள்வியையும் மாற்றிவிட்டேன். ‘கார்த்திகையில் பெய்யும் மழையும் தையில் பெய்யும் மழையும் சம்பாப் பயிருக்கு என்ன செய்யும்?’